பெரிய பலேடியத் துணிக்கைகள் போரோஐதரைட்டு போடமுன்பே பிறந்துவிட்டன

கொழும்பில் இரசாயனவியல் படிக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது: "தாக்கத்தை விரைவாக்கும் ஊக்கி ஒன்று செய்ய, தேங்காய்ச் சிரட்டைக் காபனில் 5 சதவீதம் பலேடியம் ஏற்றினேன். பலேடியம் குளோரைட்டை ஐதரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, காபனோடு இரண்டு மணித்தியாலம் கலக்கிவிட்டு, சோடியம் போரோஐதரைட்டைத் தூளாகவே போட்டேன். இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படத்தில் 3 நனோமீற்றர்த் துணிக்கைகளும் 40 நனோமீற்றர்க் கட்டிகளும் அருகருகே கிடக்கின்றன. எல்லாம் ஒரே கரைசலிலிருந்துதானே வந்தன? துணிக்கை உண்மையில் எப்படி உருவாகிறது, எங்கே பிழைத்தது?"

ஒரே கரைசலிலிருந்துதான் வந்தன. ஆனால் ஒரே நேரத்தில் வரவில்லை. 40 நனோமீற்றர்க் கட்டிகள் பெரும்பாலும் நீங்கள் "வெறுமனே கலக்கிய" அந்த இரண்டு மணித்தியாலத்துக்குள் உருவானவை. அவற்றை உருவாக்கியது காபன். போரோஐதரைட்டு செய்தது மிச்சத்தை, அதாவது அந்த 3 நனோமீற்றர்த் துணிக்கைகளை. இந்த முறையில் தடுமாறுகிறவர்கள் வழக்கமாகத் தாழ்த்தும் கருவியை, அதாவது அயனுக்கு இலத்திரன் கொடுத்து உலோகமாக்கும் பொருளை, மாற்றிப் பார்ப்பார்கள்: போரோஐதரைட்டுக்குப் பதில் ஐதரசன், அதற்குப் பதில் போமல்டிகைட்டு என்று. துணிக்கையின் அளவில் பாதிக்கு மேல் அதற்கு முந்திய படியிலேயே முடிவாகிவிடுகிறது.

காபன் சும்மா கிடக்கும் பொருள் அல்ல. அது மின்னைக் கடத்தும், அதன் விளிம்புகளில் பீனோல் போன்ற அணுக் கூட்டங்கள் இருக்கும், ஒட்சியேறக்கூடியது, அதாவது இலத்திரனை இழக்கக்கூடியது. குளோரைட்டோடு சேர்ந்த பலேடிய அயன் உலோகமாவதற்கான நியம மின்முனை அழுத்தம் (இலத்திரனை எவ்வளவு ஆவலாக வாங்கும் என்பதன் அளவு) ஏறத்தாழ 0.6 வோல்ற்று. பொன்னின் குளோரைட்டு அயனுக்கு 1.0 வோல்ற்று. இந்த அளவு அழுத்தம் இருந்தால் காபனே இலத்திரன் கொடுத்து உலோகத்தை வீழ்த்திவிடும். பொன்னில் இது மிக வேகம், பலேடியத்தில் கண்டிப்பாக நடக்கும். பிளாற்றினத்துக்கும் அழுத்தம் 0.7 வோல்ற்று அளவில் இருந்தாலும், அதன் ஆறு குளோரைட்டுச் சிக்கல் அயன் மாறுவதற்குச் சோம்பல். அதனால் அறை வெப்பநிலையில் அவ்வளவாகத் தெரியாது. நிக்கலுக்கு மறை 0.26 வோல்ற்று, அந்தப் பேச்சே இல்லை. ஒருவர் நிக்கலுக்கு எழுதிய செய்முறையைப் பலேடியத்துக்கு அப்படியே பிரதி செய்தால் கெட்டுப்போவதற்கு இதுவே காரணம்.

இதில் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. இலத்திரன் கொடுக்கும் இடமும் பலேடியம் படியும் இடமும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. ஒரு காபன் மணியின் ஒரு மூலையில் கூட்டங்கள் ஒட்சியேறும். வந்த இலத்திரன் மணிக்கூடாகவே ஓடி, மறு மூலையில் ஏற்கெனவே முளைத்த பலேடியக் கருவுக்குப் போய்ச் சேரும். ஒரு சிறிய மின்கலம் மாதிரி. ஆகவே முதலில் முளைத்த சில கருக்கள் மணி முழுவதன் இலத்திரனையும் வாங்கிக் கொழுக்கும். புதுக் கருக்கள் பிறக்க இடமிராது. அதுவும் மணியின் வெளிப்புறத்தில், அயன் முதலில் வந்து சேரும் இடத்தில். உங்கள் படத்தில் கட்டிகள் மணியின் ஓரங்களில்தான் கூடுதலாகத் தெரிகின்றனவா என்று திரும்பப் பாருங்கள்.

இனி அடிப்படைக்கு வருவோம். உலோக அணுக்கள் சில ஒன்றுசேர்ந்தால் இரண்டு கணக்கு நடக்கும். உள்ளே பிணைந்த அணுக்களால் சக்தி குறையும், வெளியே திறந்த மேற்பரப்பால் சக்தி கூடும். கூட்டம் மிகச் சிறிதாக இருக்கையில் மேற்பரப்பின் நட்டமே மேலோங்கும், அதனால் அது கலைந்துபோகப் பார்க்கும். ஒரு அளவைத் தாண்டினால்தான் வளர்வது இலாபம். அந்த அளவுதான் கரு. கரைசலில் உலோக அணுக்களின் செறிவு எவ்வளவுக்கெவ்வளவு நிரம்பல் எல்லையைத் தாண்டிப் போகிறதோ, அவ்வளவுக்குக் கருவின் அளவு சுருங்கும். வலுவான தாழ்த்தும் கருவியோடு அது சில அணுக்கள் மட்டுமே. 1950இல் லாமேர், டைனெகர் என்ற இரசாயனவியலாளர்கள் கந்தகக் கூழ்மத்தை வைத்து இதைத் தெளிவாக்கினார்கள்: செறிவு ஏறி எல்லையைத் தாண்டும்போது கருக்கள் ஒரே வெடிப்பாகப் பிறக்கும், செறிவு விழும், அதன் பிறகு புதிய கரு இல்லை, உள்ளவை மட்டும் வளரும். உலோகங்களுக்கு 1997இல் வாட்ஸ்கியும் ஃபின்கேயும் வேறொரு படம் தந்தார்கள்: கரு மெதுவாகத் தொடர்ந்து பிறந்துகொண்டே இருக்கும், ஆனால் பிறந்த உலோகம் தானே ஊக்கியாகி மேற்கொண்டு அயனைத் தன் மேலேயே தாழ்த்தும். பலேடியத்துக்கு இந்த இரண்டாவது படமே நன்றாகப் பொருந்தும். போரோஐதரைட்டோ ஐதரசனோ பலேடிய மேற்பரப்பில்தான் சுறுசுறுப்பாக உடையும். ஆகவே முதலில் பிறந்தவன் பணக்காரன், பின்னால் வருவதெல்லாம் அவனிடமே சேரும்.

காபனின் மேல் கரு எங்கே பிறக்கும்? கற்கண்டு காய்ச்சும்போது பாகுக்குள் நூல் தொங்கவிடுவதை நினையுங்கள். பாகின் நடுவில் பளிங்கு பிறப்பது கடினம், நூலின் நாரில் சுலபம். காபனில் அந்த நார்கள் விளிம்புகள், ஓட்டைகள், ஒட்சிசன் கூட்டங்கள், நைதரசன் அணு புகுந்த இடங்கள். வழுவழுப்பான காபன் தளத்தில் உலோக அணு ஒட்டாது. தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு திரிந்து, இன்னொரு துளியைக் கண்டதும் சேர்ந்துவிடும். குறைபாடுள்ள இடம்தான் அதைப் பிடித்து வைக்கும். ஆகவே கரு எத்தனை என்பதைத் தீர்மானிப்பவை இரண்டு: பிடிக்கும் இடங்கள் எத்தனை, அந்த இடங்களுக்குத் தாழ்த்தலுக்கு முன்பே அயன் போய்ச் சேர்ந்ததா.

கருக்களின் எண்ணிக்கை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைக் கணக்கில் பார்த்தால் விளங்கும். உலோகத்தின் மொத்த நிறை மாறாது. ஒரு 40 நனோமீற்றர்க் கட்டியின் கனவளவு ஒரு 3 நனோமீற்றர்த் துணிக்கையைப் போல 40/3இன் மூன்றாம் வலு, ஏறக்குறைய 2,370 மடங்கு. நுணுக்குக்காட்டிப் படத்தில் நீங்கள் 200 சிறு துணிக்கைகளை எண்ணி, ஒரேயொரு கட்டியையும் கண்டீர்கள் என்று வைப்போம். எண்ணிக்கையில் அது அரைச் சதவீதம், அலட்சியப்படுத்தத் தோன்றும். நிறையில் பார்த்தால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பலேடியத்தில் நூற்றுக்கு 92 பங்கு அந்த ஒன்றுக்குள் இருக்கிறது! 3 நனோமீற்றர்த் துணிக்கையில் ஏறத்தாழ 37 சதவீத அணுக்கள் மேற்பரப்பில் இருக்கும். 40 நனோமீற்றரில் 3 சதவீதம்கூட வராது. "சராசரி அளவு 3.2 நனோமீற்றர்" என்று ஆய்வறிக்கையில் எழுதுவது பொய்யாகாது, ஆனால் உங்கள் ஊக்கி ஏன் மந்தமாக இருக்கிறது என்பதை அது மறைத்துவிடும்.

அடுத்தது மின்னேற்றம். ஒவ்வொரு காபனுக்கும் பூச்சிய ஏற்றப் புள்ளி ஒன்று உண்டு. கரைசலின் பீஎச் அதற்குக் கீழே இருந்தால் மேற்பரப்பு நேர் ஏற்றம் கொள்ளும், மேலே இருந்தால் மறை ஏற்றம். நம் ஊர்ச் சிரட்டைக் காபனின் சாம்பலில் பொற்றாசியம் கூடுதல். கழுவாமல் எடுத்தால் தண்ணீரில் போட்டதும் காரமாகக் காட்டும். நைத்திரிக் அமிலத்தில் காய்ச்சிய காபன் நேர் எதிர்: காபொட்சில் கூட்டங்கள் ஏறிப் புள்ளி 3, 4 அளவுக்கு இறங்கிவிடும். நான்கு குளோரைட்டு சேர்ந்த பலேடிய அயன் மறை ஏற்றம் உள்ளது. அதைப் பிடிக்க நேர் ஏற்றமுள்ள காபன் வேண்டும். நான்கு அமோனியா சேர்ந்த பலேடியமோ பிளாற்றினமோ நேர் ஏற்றம் உள்ளது. அதற்கு ஒட்சியேற்றிய காபனும் காரக் கரைசலும் வேண்டும். இதை மாற்றிப் போட்டால் அயன் மேற்பரப்பை அண்டாமல் கரைசலிலேயே நிற்கும். தாழ்த்தியதும் கரைசலிலேயே உலோகமாகி, பின்னர் காபன் மேல் கறுப்புத் தூளாக விழும்.

அமிலம் கூடினாலும் கெடுதல்தான். ஒரு மூல் பலேடியம் குளோரைட்டைக் கரைக்க இரண்டு மூல் ஐதரோகுளோரிக் அமிலம் போதும். சுலபமாகக் கரையட்டும் என்று செறிந்த அமிலத்தைத் தாராளமாக ஊற்றினால், மிஞ்சிய குளோரைட்டு அயன்கள் மேற்பரப்பின் நேர் ஏற்றத்தைத் தாங்களே மறைத்துக்கொள்ளும், பலேடியத்துக்கு இடமில்லை. பீஎச்சைப் பற்றி இன்னொன்று: தொடக்க பீஎச் அல்ல, காபன் போட்டுச் சமநிலைக்கு வந்த பிறகுள்ள பீஎச்தான் கணக்கு. காபன் நிறையப் போட்டால் அது கரைசலைத் தன் புள்ளியை நோக்கி இழுத்துவிடும். இந்த இயல்பை வைத்தே புள்ளியை அளக்கலாம். சிறிதளவு தண்ணீரில் காபனைக் குழைத்துத் தடித்த பசையாக்கி, ஒரு மணித்தியாலம் விட்டு, பசையின் பீஎச்சை அளந்தால் ஏறக்குறைய அதுதான் புள்ளி.

பரப்பளவு பற்றி ஒரு மயக்கம் பரவலாக இருக்கிறது. செயற்படுத்திய சிரட்டைக் காபனின் உறையில் கிராமுக்கு 1,000 சதுர மீற்றர் என்று போட்டிருக்கும். அதில் பெரும்பங்கு 2 நனோமீற்றருக்கும் குறுகிய நுண்துளைகளில் ஒளிந்திருக்கிறது. 3 நனோமீற்றர்த் துணிக்கை 1 நனோமீற்றர்த் துளைக்குள் எப்படி இருக்கும்? அயன் உள்ளே போகும், உலோகத் துணிக்கையாக உள்ளே தங்காது. வெளியே உலோகம் படியத் தொடங்கியதும் உள்ளே உள்ள அயன் செறிவு வேறுபாட்டால் வெளியே ஊர்ந்து வந்து அதன் மேலேயே படியும். உங்கள் கணக்குக்கு கிராமுக்கு 100 சதுர மீற்றர் மட்டும் பயன்படுகிறது என்று கடுமையாகவே வைப்போம். 2 கிராம் ஊக்கியில் 1.9 கிராம் காபன், 100 மில்லிகிராம் பலேடியம். 3 நனோமீற்றர்த் துணிக்கை ஒன்றின் நிறை 1.7 × 10⁻¹⁹ கிராம், அப்படியானால் 5.9 × 10¹⁷ துணிக்கைகள். ஒன்றுக்கு 320 சதுர நனோமீற்றர் நிலம் கிடைக்கிறது, அயலவனுக்கு 18 நனோமீற்றர் தூரம். 5 சதவீதத்தில் இட நெருக்கடி கிடையாது. ஆகவே "ஏற்றிய பலேடியம் கூடிவிட்டது, 2 சதவீதமாகக் குறைப்போம்" என்பது உங்கள் நோய்க்கு மருந்து அல்ல. 40 சதவீதம் ஏற்றினால் கதை வேறு: அதே காபனில் தூரம் 5 நனோமீற்றராகச் சுருங்கும், 3 நனோமீற்றர்த் துணிக்கைகளுக்கு இடையே 2 நனோமீற்றர்தான் இடைவெளி, முட்டிச் சேராமல் இருந்தால் அதிசயம். எரிபொருட்கல வேலைக்கு நுண்துளைக் காபனை விட்டு, கிராமுக்கு 250 சதுர மீற்றர் மட்டுமே உள்ள வல்கன் எக்ஸ்சி-72 போன்ற கரியை எடுப்பது இதனால்தான். பரப்பு குறைவு, ஆனால் பெரும்பாலும் எட்டக்கூடிய பரப்பு.

திருத்திய செய்முறைக்கு வருகிறேன். நோக்கம்: காபன் தன் கைவரிசையைக் காட்டமுன் பலேடியத்தை நீரேறிய ஐதரொட்சைட்டாகக் காபன் மேல் படியவைப்பது. அந்த வடிவத்தில் அது காபனால் அவ்வளவு சுலபமாகத் தாழ்த்தப்படாது, துளைகளிலிருந்து வெளியே ஊரவும் மாட்டாது.

காபனை 45 மைக்குரோமீற்றருக்குக் கீழ் அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். 1 மூலர் ஐதரோகுளோரிக் அமிலத்தில் 60 பாகை செல்சியசில் இரண்டு மணித்தியாலம் கலக்கிச் சாம்பலை எடுத்து, கழுவுநீர் நடுநிலையாகும்வரை சுடுநீரால் கழுவி, 110 பாகையில் இரவு முழுக்க உலர்த்துங்கள். ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்த மூடிய உலர்த்தியில் ஆறவிட்டு உடனே நிறுங்கள். கொழும்பின் ஈரப்பதத்தில் தட்டில் திறந்து வைத்த காபனின் நிறை கண் முன்னாலேயே ஏறும். தராசு நிலைக்கும் என்று காத்திருப்பது வீண்.

2 கிராம் ஊக்கிக்கு உலர்ந்த காபன் 1.90 கிராம், பலேடியம் குளோரைட்டு 167 மில்லிகிராம். பின்னதை 2.5 மில்லிலீற்றர் 1 மூலர் ஐதரோகுளோரிக் அமிலமும் 10 மில்லிலீற்றர் அயனகற்றிய நீரும் சேர்த்து 50, 60 பாகையில் கலக்குங்கள். முதலில் அடியில் கபிலத் தூள் கிடக்கும். தெளிந்த செங்கபிலக் கரைசலாகும்வரை பொறுக்கவேண்டும். அவசரப்பட்டு, கரையாத தூளோடு ஊற்றினால் அந்தத் துகள் ஒவ்வொன்றும் ஒரு கட்டியாகப் பிறகு படத்தில் தோன்றும். கரைந்ததும் 20 மில்லிலீற்றருக்கு ஐதாக்குங்கள்.

காபனை 60 மில்லிலீற்றர் நீரில் போட்டு மீயொலித் தொட்டியில் 15 நிமிடம் வையுங்கள். காந்தக் கலக்கிக்கு மாற்றி, 0.5 மூலர் சோடியம் காபனேற்றால் பீஎச்சை 9 அளவுக்குக் கொண்டுவாருங்கள். இப்போது பலேடியக் கரைசலை அளவியிலிருந்து நிமிடத்துக்கு 1 மில்லிலீற்றர் வீதம் விடுங்கள். பீஎச் இறங்கும்; 8க்குக் கீழே போகவிடாமல் இன்னொரு அளவியிலிருந்து காபனேற்றைச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். மொத்தம் 5 முதல் 9 மில்லிலீற்றர் வரை போகும். அளவைவிட பீஎச் மானியை நம்புங்கள், ஆனால் மின்முனையில் கரி படிந்தால் அது தூங்கிவிடும், இடையிடையே கழுவவேண்டும். பலேடியத்தை முதலில் ஊற்றிவிட்டுப் பிறகு காபனேற்று சேர்ப்பது பார்வைக்கு ஒன்றுதான். நடப்பதோ நீங்கள் ஏற்கெனவே செய்த அதே பிழை: அமில நிலையில் காபனும் பலேடியமும் தனியே விடப்படுகின்றன.

ஒரு மணித்தியாலத்தின் பின் சிறிதளவை வடிகட்டிப் பாருங்கள். வடிநீர் நிறமற்றிருக்கவேண்டும். கண்ணை மட்டும் நம்பாமல், ஐதரோகுளோரிக் அமிலத்தால் சற்று அமிலமாக்கி டைமெதைல்கிளையொட்சைம் சில துளி விடுங்கள். உயர்தரத்தில் நிக்கலுக்குச் சிவப்பு வீழ்படிவு தந்த அதே பொருள்தான், பலேடியத்துக்கு அமிலத்திலேயே மஞ்சளாக வீழும். மஞ்சள் வந்தால் இன்னும் அயன் கரைசலில் நிற்கிறது. தாழ்த்தவேண்டாம், பீஎச்சைச் சரிபார்த்துக் காத்திருங்கள்.

தாழ்த்தல். போரோஐதரைட்டைத் தூளாகப் போட்டது இரண்டாவது பிழை. தூள் விழுந்த இடத்தில் ஒரு கணம் பெருஞ்செறிவு, முகவையின் மறுபக்கத்தில் பூச்சியம். தாழ்த்தல் முடிவது கலக்கி கலந்து முடிக்கமுன். 178 மில்லிகிராமை, அதாவது பலேடியத்தைப் போல 5 மடங்கு மூல் அளவை, பனிக்கட்டியில் குளிரவைத்த 20 மில்லிலீற்றர் 0.01 மூலர் சோடியம் ஐதரொட்சைட்டில் அப்போதைக்கப்போது கரையுங்கள். காரம் இல்லாவிட்டால் அது தண்ணீரோடேயே தாக்கமடைந்து தீரும்; நமது அறை வெப்பநிலை 30 பாகை, மேலைநாட்டு ஆய்வுக்கட்டுரையின் "அறை வெப்பநிலை" அல்ல. முகவையையும் பனிக்கட்டித் தொட்டியில் வைத்து, பத்து நிமிடமாகத் துளித்துளியாக விடுங்கள். அரை லீற்றருக்குக் கிட்ட ஐதரசன் வெளிவரும். கலவை நுரைத்துப் பொங்கும். 250 மில்லிலீற்றர் முகவை எடுங்கள், வாயை இறுக்கி மூடவேண்டாம், புகைக் கூண்டுக்குள் சுவாலை, சூடாக்கித் தட்டு எதுவும் வேண்டாம்.

துளித்துளியாக விடுவது எப்போதும் சரியா என்று கேட்டால், இல்லை. அயன் ஏற்கெனவே காபனில் படிந்து அசையாமல் இருக்கும்போது மட்டும் சரி. அயன் கரைசலில் சுதந்திரமாக நிற்கும் முறைகளில் துளித்துளியாக விட்டால் முதல் துளியில் பிறந்த கருக்கள் மீதி எல்லாவற்றையும் விழுங்கும். அங்கே கரைசலாக, கடுமையாகக் கலக்கிக்கொண்டு ஒரே மூச்சில் ஊற்றுவதே மேல். என்னைக் கேட்டால் இந்த வேலைக்குப் போரோஐதரைட்டையே விட்டுவிடலாம். அது போரேற்றையும், சிலவேளை உலோகத்துக்குள் போரனையும் விட்டுச் செல்லும். சோடியம் போமேற்று பத்து மடங்கு மூல், 60 பாகை, ஒரு மணித்தியாலம். மெதுவாக நடக்கும், காபனீரொட்சைட்டாகப் போய்விடும், கழுவுவதும் சுலபம்.

கழுவுதலில் சோம்பல் கூடாது. குளோரைட்டும் காற்றின் ஒட்சிசனும் சேர்ந்தால் சிறிய பலேடியத் துணிக்கைகளைக் கரைத்து, பெரியவற்றின் மேல் படியவைக்கும். சிறியதற்கு மேற்பரப்புச் சக்தி கூட, கரைதிறனும் கூட. ஆகவே சிறியது தேயும், பெரியது கொழுக்கும். இரவு முழுக்கத் தாய்த்திரவத்தில் ஊறவிட்டு மறுநாள் வடிகட்டுவது இதற்கு வழிவிடுவதுதான். அன்றே வடித்து, சுடுநீரால் கழுவி, கழுவுநீரில் ஒரு துளி நைத்திரிக் அமிலமும் வெள்ளி நைத்திரேற்றும் விட்டால் கலங்காத நிலைவரை கொண்டுபோங்கள்.

வடிதாளில் காற்று இழுத்து முற்றாக உலரவிடவேண்டாம். ஐதரசன் உறிஞ்சிய பலேடியக் காபன் காய்ந்து காற்றுப்பட்டால் தானாகவே கனலும். அதன் மேல் மெதனோல் விட்டால் தீப்பிடிக்கும். கடைகளில் வரும் பலேடியக் காபன் பாதிக்குப் பாதி தண்ணீரோடு வருவது ஏமாற்றுவதற்கல்ல. உலர்ந்தே வேண்டுமானால் 60 பாகையில் வெற்றிடத்தில் உலர்த்தி, நைதரசன் விட்டு ஆறவைத்து, காற்றைச் சிறிது சிறிதாக விடுங்கள்.

ஐதரசன் வாயுவில் குழாய் உலையில் தாழ்த்துபவர்களுக்குச் சில வார்த்தை. 5 சதவீத ஐதரசன் கலந்த நைதரசன், நிமிடத்துக்கு 2 முதல் 5 பாகை ஏற்றம், பலேடியத்துக்கு 150 முதல் 200 பாகை போதும், பிளாற்றினத்துக்கு 200 முதல் 250. "நன்றாகத் தாழட்டும்" என்று 400, 500க்கு ஏற்றுவதால் இரட்டை நட்டம். நைத்திரிக் அமிலத்தில் காய்ச்சிச் சம்பாதித்த காபொட்சில் கூட்டங்கள் 200க்கு மேல் காபனீரொட்சைட்டாகக் கழன்றுகொண்டே போகும்; துணிக்கையைக் கட்டிவைத்த கயிறு அவிழ்கிறது. அத்தோடு உலோகமே ஊக்கியாகி, பக்கத்துக் காபனை ஐதரசனோடு சேர்த்து மெதேனாக்கும்; துணிக்கை தான் நிற்கும் நிலத்தைத் தானே தின்று நகரும். மொத்த உலோகத்தில் அணுக்கள் அசையத் தொடங்கும் வெப்பநிலையை உருகுநிலையில் பாதியாக, கெல்வினில், வைப்பார்கள்: பலேடியத்துக்கு 641 பாகை செல்சியஸ், செம்புக்கு 406, வெள்ளிக்கு 344. நனோ அளவில் இதற்கு வெகு முன்பே அசைவு தொடங்கும் என்பதால் இவற்றைப் பாதுகாப்பு எல்லையாக எடுக்கவேண்டாம், உலோகங்களை ஒன்றோடொன்று ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். காற்றில் சுடுவதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். அலுமினா தாங்கிக்கு எழுதிய செய்முறையில் "காற்றில் 400 பாகை" என்று இருக்கும். காபனில் அதைச் செய்தால் மிஞ்சுவது சாம்பலும் ஒரு பலேடியக் கட்டியும். மின்வெட்டு வந்தால் உலை ஆறும்வரை நைதரசன் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். வாயு வழியில் மின்னால் மூடும் வால்வு இருந்தால் அதைச் சுற்றிக் கையால் திறக்கும் வழி ஒன்று வையுங்கள்.

அடுத்து பிளாற்றினத்துக்குப் போகும் எண்ணம் இருந்தால், பொலியோல் முறை காபனின் குறுக்கீட்டை வேறு விதமாகத் தாண்டுகிறது. எதிலீன் கிளைக்கோலே கரைப்பான், அதுவே தாழ்த்தும் கருவி. 130 முதல் 160 பாகையில் அது ஒட்சியேறிக் கிளைக்கோலேற்று உண்டாகும், அது காரநிலையில் துணிக்கையைச் சுற்றி மறை ஏற்றம் கொடுத்து ஒட்டாமல் காக்கும். சோடியம் ஐதரொட்சைட்டு கூடக்கூடத் துணிக்கை சிறுக்கும். முடிவில் பீஎச்சை 2, 3 அளவுக்கு இறக்கினால்தான் அந்தக் காப்பு தளர்ந்து, நேர் ஏற்றம் கொண்ட காபனில் துணிக்கை போய் அமரும். இந்தப் படியை விட்டுவிட்டு "வடிநீர் ஏன் கறுப்பாகப் போகிறது" என்று திகைப்பவர்கள் அதிகம். அமிலமாக்க ஐதரோகுளோரிக் அமிலத்தை எடுக்கவேண்டாம், கழுவி அகற்றவேண்டிய குளோரைட்டு வீணாகக் கூடும். ஐதான சல்பூரிக் அமிலம் எடுங்கள். குளோரோபிளாற்றினிக் அமிலப் பளிங்கு நம் ஊர்க் காற்றில் சில நிமிடத்திலேயே கசிந்து பசையாகும். ஒவ்வொரு முறையும் நிறுக்காமல், போத்தலைத் திறந்த அன்றே முழுவதையும் தெரிந்த கனவளவுக்குக் கரைத்து, இருட்டில் வைத்து, குழாயியால் அளந்து எடுப்பதே கணக்குச் சரிவர ஒரே வழி.

இனி, எதையும் மாற்றமுன் முதலில் செய்யவேண்டிய சோதனை. பழைய முறையையே திரும்பச் செய்து, போரோஐதரைட்டு போடாமல் இரண்டு மணித்தியாலத்தில் நிறுத்துங்கள். வடித்து, வெதுவெதுப்பான 1 மூலர் ஐதரோகுளோரிக் அமிலத்தால் கழுவுங்கள். அயனாக ஒட்டியிருந்த பலேடியம் பெரும்பாலும் போய்விடும், உலோகம் நிற்கும். உலர்த்தி எக்ஸ்-கதிர்க் கோணல் எடுங்கள், அதாவது பளிங்கு எக்ஸ்-கதிரை எந்தக் கோணங்களில் வளைத்து அனுப்புகிறது என்ற கோலத்தை. செம்புக் கதிரில் பலேடியத்தின் முனைகள் 40.1, 46.7, 68.1 பாகையில் வரும். 68.1இல் உள்ளதே அளவு கணிக்க வசதியானது, காபனின் அகன்ற மேடு அங்கே குறுக்கிடாது. முனையின் அகலத்திலிருந்து துணிக்கையின் அளவைக் கணிக்கும் ஷெரர் சமன்பாட்டில் மாறிலி 0.9 என்று எடுத்தால், 3 நனோமீற்றர்த் துணிக்கையின் முனை அரை உயரத்தில் 3.2 பாகை அகலம் இருக்கும், 40 நனோமீற்றருக்கு 0.24 பாகை மட்டும். உங்கள் பழைய ஊக்கியின் கோலத்தில் அகன்ற மேட்டின் மேல் ஒரு ஊசி குத்தி நிற்கும். அதை ஒரே முனையாகப் பொருத்திச் சராசரி எடுக்கவேண்டாம், இரண்டாகப் பிரித்துப் பொருத்துங்கள். போரோஐதரைட்டு காணாத மாதிரியிலும் அதே ஊசி நின்றால் குற்றவாளி காபன்தான், மேலே சொன்ன காபனேற்று வழியைப் பிடியுங்கள். ஊசி இல்லையென்றால் கட்டிகள் தூள் விழுந்த இடத்தில் பிறந்தவை. அப்போது தாழ்த்தும் படியை மட்டும் திருத்தினால் போதும்.